மூன்று கம்ப்யூட்டரும் இரண்டு திரையும் ஒரு முகத்துவாரமும்

அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்ததும் உங்கள் கை தானாகப் போகிற இடம் அந்தக் கறுப்புப் பெட்டிதான். எனக்குத் தெரியும். பதினொரு வருடம் அதற்கு முன்னால் இருந்தவன் நான். பென்ஷன் எடுத்து வந்த பிறகும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னுடைய வலக்கைச் சுட்டுவிரல் எதையோ அமத்திக்கொண்டே இருக்கிறது. மனிசி கையில் ஒரு தட்டுத் தட்டுவா. ஆகவே நீர்ப்பாசனக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமார், முதலில் கையை எடுத்து மடியில் வையுங்கள். நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம்.

எந்த வயர் எங்கே போகிறது என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அது தாளில் கீறிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தாளில் இல்லாததைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மேசையில் ஏன் மூன்று கம்ப்யூட்டர் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒன்று மேலே குளங்களில் எவ்வளவு தண்ணீர், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் ஓரத்தில் எவ்வளவு என்று காட்டுவது. நாங்கள் அதைக் குளத்துப் பெட்டி என்போம். இரண்டாவது வாவியின் மட்டமும் கடலின் ஏற்ற இறக்கமும் காட்டுவது, வாவிப் பெட்டி. மூன்றாவது கந்தோர்ப் பெட்டி. அலுவலகக் கடிதம், மெசேஜ், உத்தரவு எல்லாம் அதில். மூன்றையும் மூன்று இடத்தார் தந்தார்கள். ஒருவர் தந்ததில் மற்றவர் கைவைக்கக் கூடாது, ஒன்றோடொன்று தொடுக்கவும் கூடாது என்று மூன்று பேரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். திரை மட்டும் இரண்டு. மூன்றாவது திரை கேட்டு எழுதினோம். மேசையில் இடமில்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான், இடமில்லை.

அதனால் வந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. மூன்று பொத்தான். எந்தப் பொத்தானை அமத்துகிறீர்களோ அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு திரைக்கும் வரும், கீபோர்டும் மவுஸும் அதனோடு போகும். தேத்தண்ணி கொண்டுவருகிற அக்கா முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றா. “மூணு சக்களத்திக்கு ரெண்டு கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கானுகள்,” என்றா. அன்றிலிருந்து அதற்குச் சக்களத்திப் பெட்டி என்றுதான் பெயர். இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம்.

இந்த மேசை ஏன் இவ்வளவு பெரிய விசயம் என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விளங்காது. எங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் முகத்துவாரத்தில் மணல் வந்து அடைத்துவிடும். மாரியில் வாவி நிறைந்து, போக வழியில்லாமல் மேற்கே வயலுக்குள் ஏறும். வயல்காரர் முகத்துவாரத்தை வெட்டு என்பார்கள். வெட்டினால் வாவித் தண்ணீரோடு இறால் குஞ்சும் கடலுக்குள் போய்விடும். வாவியில் வலை போடுகிறவர்கள் பொறு என்பார்கள். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் வெட்டு. அதுவும் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் கைவைக்க முதல், வயல் பக்கத்து மண்வெட்டி ஒன்றும் வாவிப் பக்கத்து மண்வெட்டி ஒன்றும் சேர்ந்து முதல் மண்ணை எடுக்க வேண்டும். அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அதை மீறி வெட்டினால் என்ன நடக்கும் என்றும் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

சம்மதம் பேசுகிற இடம் எங்கள் மேசை. வயல் பக்கத்துக்கு வட்டை விதானையார் வருவார். அந்த வயல்வெளி முழுதுக்கும் தண்ணீர் பார்க்கிறவர், கனத்த மனிதர், சேற்றுச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து இடப்பக்கத் திரைக்கு முன்னால் இருப்பார். வாவிப் பக்கத்துக்கு மீனவர் சங்கத் தலைவர். மெலிந்தவர், போனைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அவர் வலப்பக்கத் திரை. யாரும் அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஒரு வெள்ளத்துக்கு அப்படி இருந்தார்கள், அடுத்த வெள்ளத்துக்கும் அதே இடத்தில் வந்து இருந்தார்கள். பிறகு இடத்திரை வயல்காரர் திரை, வலத்திரை வாவிக்காரர் திரை. நடுவில் கீபோர்டோடு நான்.

இதில்தான் சிக்கல். பொத்தானை அமத்தினால் இரண்டு திரையும் மூன்று விநாடி இருட்டும். எனக்கும் உங்களுக்கும் மூன்று விநாடி. விதானையாருக்கு அது களவு நடக்கிற நேரம். “வெளிச்சம் வரக்குள்ள நம்பர் மாறிக் கிடக்கே தம்பி,” என்பார். அது மாறும்தானே, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. சொன்னால் கேட்கமாட்டார். தலைவர் சிரிக்காமல் சொல்லுவார், எங்கட தண்ணி இருட்டுக்குள்ள எங்கயோ போயிட்டு வருகுது என்று. ஒருமுறை அந்த மூன்று விநாடிக்காக முக்கால் மணித்தியாலம் சண்டை.

நான் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. தட்டெழுத்தாளனாக வந்து, பழுதானதைக் கழற்றிப் பூட்டிப் படித்தவன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. என்ன செய்தேன் என்றால், குளத்துப் பெட்டியிலிருந்து இடத்திரைக்கு நேராக ஒரு வயர், வாவிப் பெட்டியிலிருந்து வலத்திரைக்கு நேராக ஒரு வயர். கறுப்புப் பெட்டிக்குள் போகாமல். திரையின் அடியில் இருக்கிற பொத்தானால் படத்தை மாற்றிக்கொள்ளலாம். இனி அவரவர் தண்ணீர் அவரவர் முன்னால், இருட்டே கிடையாது. இரண்டு பேரும் சந்தோசம். கந்தோரில் எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். நானும் நம்பினேன்.

நான் செய்ததன் மற்றப் பக்கத்தை நீங்கள் இப்போதே பிடித்திருப்பீர்கள். படம் இப்போது நேர் வயரில் வருகிறது. ஆனால் கீபோர்ட் இன்னும் கறுப்புப் பெட்டி சொன்ன இடத்துக்குத்தான் போகும். கண் ஒரு கம்ப்யூட்டரில், கை இன்னொரு கம்ப்யூட்டரில். எனக்கும் அது தெரியும். தெரிந்ததால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு விடாமல் மூன்றாம் நாள் மழை. என் மனிசிக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயல் வவுணதீவுப் பக்கம் கிடக்கிறது, விதானையாரின் வட்டைக்குள்தான். விதைத்து ஒன்றரை மாதம். அவ விடிய எழும்பித் தன்னுடைய தம்பியோடு அங்கே போய்விட்டா. காலையிலிருந்து மணிக்கொருதரம் போன். அதைச் செய்யுங்கள், இதைச் செய்யுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. தண்ணீர் எந்த வரம்பில் நிற்கிறது என்று மட்டும் சொல்லுவா. ஒன்பது மணிக்கு ரெண்டாம் வரம்பு. பத்து மணிக்கு நாலாம் வரம்பு. பதினொரு மணிக்கு, “இப்ப வரம்பு தெரியல்ல,” என்றா. வைத்துவிட்டா. அதற்குப் பிறகு போன் வரவில்லை. வராதது வந்ததைவிடக் கொடுமை. நான் இருந்தேன், எழும்பினேன், யன்னலடிக்குப் போனேன், திரும்ப வந்து இருந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. என்னுடைய முழங்கால் பட்டு மேசை ஆட, தலைவரின் தேத்தண்ணி கோப்பையும் ஆடிற்று. அவர் கோப்பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கூட்டத்தை நடத்தினது எங்கள் மிஸ். பொறியியலாளராக வந்து எட்டு மாதம். என் மூத்த மகளைவிட இரண்டு வயது குறைவு. அதிகம் பேசமாட்டா. பின்னால் நின்று இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்ப்பா.

விதானையார் தொடங்கினார். இது கதிர் வந்த பயிரில்லை, பால் குடிக்கிற பிள்ளை, மூக்கு மூடிவிட்டால் முடிந்தது என்றார். தலைவர் தன்னுடைய கோப்பையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “இறாலும் புள்ளதான் விதானையார். உங்கட புள்ளயக் காப்பாத்த எங்கட புள்ளயக் கடலுக்க தள்ளுறதா?”

ஆனாலும் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள். வாவிக்கரையில் மூன்று இடத்தில் தன்னுடைய ஆக்கள் இருக்கிறார்கள், மூன்று இடத்திலும் ஒரு சொல்லுக் கேட்க வேண்டும் என்றார். நான் தலைவர்தான், ஆனால் வலை என்னுடையதில்லை, அவர்களுடையது என்றார். இரண்டு இடத்திலிருந்து சரி என்று வந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் போன் எடுக்கிறார்கள் இல்லை. மழைக்குள் எங்கே நின்றார்களோ. அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். மிஸ் பொறுப்போம் என்றா. விதானையார் பெருமூச்சு விட்டார். எல்லோரும் அந்த ஒரு போனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் என் கை வேலை செய்தது.

எனக்கு ஒரு பழக்கம். கூட்டம் முடிய முதலே முடிவை எழுதி வைத்துவிடுவேன். வாவிப் பெட்டியில் குறிப்பு எழுதுகிற ஒரு பக்கம் திறந்திருக்கும். அதில் இரண்டு விதமாகவும் எழுதிவைப்பேன். சம்மதம் என்று ஒன்று, சம்மதமில்லை, நாளை கூடுவோம் என்று ஒன்று. முடிவு வந்ததும் தேவையில்லாததை அழித்தால் சரி. மிஸ்ஸுக்கு நேரம் மிச்சம். கீபோர்டைப் பார்க்காமல் தட்டுவேன், திரையையும் பார்க்கமாட்டேன். ஆக்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறவன் என்று எனக்கு ஒரு பெருமை.

தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். இரு தரப்பும் சம்மதம். வெட்டலாம். என்டர்.

திரையைப் பார்த்தேன். குறிப்புப் பக்கத்தில் ஒன்றுமில்லை. இந்தப் பெட்டி சில நேரம் தூங்கும், ஒரு தட்டுத் தட்டினால் எழும்பும். தூங்குகிறது என்று நினைத்து அதே வரியைத் திரும்பவும் தட்டினேன். என்டர். அப்போதும் ஒன்றுமில்லை. சரி, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மனிசியின் போன் வருகிறதா என்று பார்க்கச் சட்டைப்பைக்குள் கை போய்விட்டது.

காலையில் கடைசியாகக் கறுப்புப் பெட்டியில் அமத்தினது மூன்றாம் பொத்தான். கந்தோர்ப் பெட்டி. முகத்துவாரத்தில் நிற்கிற பெக்கோக்காரருக்கு, வெட்டு வேலைக் குறூப்பில் ஆயத்தமா என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தேன். அந்தக் குறூப் அப்படியே திறந்து கிடந்தது, அடுத்த சொல்லுக்கு வாயைப் பிளந்துகொண்டு. பிறகு திரையை மட்டும் வாவிப் பெட்டிக்குத் திருப்பிவிட்டேன், அதனால் இதற்குத் திரை இல்லை. இரண்டு திரையையும் நான் அதனுடைய கையில் இருந்து பறித்து மற்ற இரண்டுக்கும் கொடுத்துவிட்டேன். யாரும் பார்க்காத கம்ப்யூட்டருக்குள் என்னுடைய சொல் இரண்டுதரம் போய் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் தலைவரின் போன் அடித்தது. மூன்றாவது இடத்து ஆக்கள் என்று நினைத்து அறையே நிமிர்ந்தது. முகத்துவாரத்தில் நின்ற தன்னுடைய ஆள் சொன்னதை அவர் கேட்டார். போனை மெல்ல மேசையில் வைத்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்து எழும்பினார்.

“எங்கள இஞ்ச கூப்பிட்டு இருத்திப்போட்டு, அங்க மெசின் வெட்டுது. அப்ப இந்தக் கூட்டம் என்னத்துக்கு மிஸ்?”

மிஸ் முன்னால் வந்தா. தனக்குத் தெரியாது என்றா. அவர் நம்பவில்லை. நான் என்றாலும் நம்பியிருக்கமாட்டேன். உத்தரவு கொடுக்கிற ஆள் அவதானே. விதானையாரைப் பார்த்தார். விதானையார் கையை விரித்தார். மேலிடத்தில் இருந்து யாராவது சொல்லியிருப்பார்கள் என்றார்.

எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன், மூன்றாம் பொத்தானில் பச்சை வெளிச்சம்.

இந்த இடத்தில் நில்லுங்கள் தம்பி தங்கச்சிமார். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும், அதனால் சொல்கிறேன். அந்த அறையில் அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய் கூடச் சொல்லத் தேவையில்லை. மேலிடம் என்று விதானையார் சொல்லிவிட்டார், எல்லோரும் மேலிடத்தைத் திட்டிக்கொண்டு போவார்கள். மிஸ்ஸைக் கேள்வி கேட்பார்கள், அவவை வேறெங்காவது மாற்றுவார்கள். முகத்துவாரத்தில் வெட்டின வாய்க்கால் முதல் பதினைந்து இருபது நிமிடம் வரைக்கும் மண் போட்டு மூடலாம். அதற்குப் பிறகு தண்ணீரே தண்ணீருக்கு வழி வெட்டும், யாராலும் நிறுத்த முடியாது. நான் சும்மா இருந்தால் பின்னேரத்துக்குள் வயலில் தண்ணீர் இறங்கும். வரம்பு தெரியும். மனிசி போன் எடுப்பா.

இவ்வளவும் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்றால் பொய். எவ்வளவு நேரம் நினைத்தேன் என்று தெரியாது. தலைவர் கதவடிக்குப் போய்விட்டார், அவ்வளவு நேரம்.

வலத்திரையின் அடிப் பொத்தானை அமத்தினேன். தலைவரின் திரை. மூன்று விநாடி இருட்டிப் பிறகு கந்தோர்ப் பெட்டி வந்தது. இரு தரப்பும் சம்மதம், வெட்டலாம் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு வரி. அதற்குக் கீழே பெக்கோக்காரர் போட்டிருந்த சரி.

“தலைவர், நில்லுங்க. மேலிடமில்ல, மிஸ்ஸும் இல்ல. நான்தான் தட்டினன். கீபோர்ட் வேற பெட்டியில நிண்டது தெரியாம.”

அவர் திரும்பி வந்து வாசித்தார். இரண்டு வரியையும் தனித்தனியாக வாசித்தார். விதானையார் முன்னால் குனிந்து, தம்பி, கடவுள் உன்ட கையில வந்திருக்கார், விட்டிடு என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. கும்பிட்டுக் கேட்கிற குரல்.

மிஸ் அதற்குள் பெக்கோக்காரருக்குப் போன் எடுத்துவிட்டா. ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், நல்ல மனிதர், ஆனால் சூடு பட்டவர். இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலால் கத்தினது எங்களுக்கும் கேட்டது. “மிஸ், ரெண்டு தரம் எழுத்துல வந்திரிக்கி. அவசரமாக்கும் எண்டு உடனே இறங்கிட்டன். போன வருசம் வாயால சொல்லி நிப்பாட்டிட்டு, மறுகா ஏன் நிப்பாட்டின எண்டு எழுத்துல கேட்டாங்க. நிப்பாட்டுறதையும் எழுத்துல தாங்க. இப்பவே நிப்பாட்டுறன்.”

அந்தக் குறூப்பில் உத்தரவு எழுதக்கூடியது கந்தோர்ப் பெட்டி ஒன்றுதான். முன்பு பலரும் பலதும் எழுதிக் குழம்பினதால் அப்படிச் செய்து வைத்ததும் நான்தான்.

என் கை கீபோர்டுக்குப் போனது. மிஸ் என் தோளில் கை வைத்தா. மெல்லத்தான் வைத்தா.

“அண்ணன், நீங்க எப்பவும் ரெண்டும் எழுதுவீங்களே. மற்றது எங்க?”

நான் பார்த்தேன். சம்மதம் என்பதை இரண்டுதரம் எழுதியிருக்கிறேன். சம்மதமில்லை என்பதை எழுதவே இல்லை.

கீபோர்ட் வேறு பெட்டியில் நின்றது தவறு. அது கைத்தவறு, யாருக்கும் வரும். ஆனால் அந்த இரண்டாவது வரியை நான் ஏன் எழுதவில்லை என்பதற்கு எந்த வயரும் காரணமில்லை. அதை மிஸ் கேட்கும்வரைக்கும் எனக்கே தெரியாது.

“மிஸ், என்ட மனிசிட வயல் அங்க கிடக்கு. விதானையார்ட வட்டைக்குள்ள.”

விதானையார் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், எத்தனையோ வெள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். “அப்ப இவ்வளவு காலமும் நடுவில இருந்தது நடு இல்ல,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் பரவாயில்லை.

நான் கதிரையை விட்டு எழும்பினேன். மிஸ் அதில் இருக்கப் போனா. தலைவர் மறித்தார். கந்தோர் ஆக்கள் தட்டினது போதும், இனி நான் தட்டுறன் என்றார். மிஸ் ஒரு கணம் யோசித்தா. வெளியாள் ஒருவரையும் அப்படி இருக்கவிட்டதில்லை, சட்டத்துக்கும் சரியில்லை. பிறகு கதிரையை அவருக்கு இழுத்துவிட்டா. எட்டு மாத அனுபவத்துக்கு அது பெரிய தைரியம். எழுதச் சொல்லி உத்தரவிட்டது நான், எழுதின விரல்தான் அவருடையது என்று பின்பு கேட்டவர்களுக்கெல்லாம் அவ அப்படியே சொன்னா.

தலைவருக்குத் தமிழில் தட்டத் தெரியாது. நிறுத்து என்பதை இங்கிலீசில் எழுதுவோம், நாலே எழுத்து என்று மிஸ் சொன்னா. அவர் சுட்டுவிரலை நீட்டினார். விரல் கீபோர்டுக்கு மேலால் வட்டம் போட்டது, கருவாட்டுக்கு மேலே பருந்து போல. எழுத்தெல்லாம் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கு என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஒவ்வொரு நிமிடமும் வாய்க்கால் அகலமாகிறது. நான் என்றால், எந்த எழுத்து எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் அந்த மேசைக்குக் கிட்டப் போகிற முகம் எனக்கில்லை. யன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முதல் எழுத்தையே அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இந்தா, இஞ்ச,” என்று ஒரு விரல் வந்து காட்டியது.

விதானையார். தண்ணீருக்குள் கிடக்கிற நூறு ஏக்கருக்குப் பொறுப்பான மனிதர். இடத்திரையில் அவருடைய வயல் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. அவர் வலத்திரைப் பக்கம் சரிந்து, கனத்த விரலால் எழுத்தைக் காட்டினார். அடுத்ததையும் காட்டினார். மற்ற இரண்டையும் காட்டினார். தலைவர் ஒவ்வொன்றாக அமத்தினார். எதை அமத்தினால் போகும் என்று கேட்டார். விதானையார் அதையும் காட்டினார்.

பெக்கோக்காரரின் சரி வர அரை நிமிடம்கூட இல்லை. வெட்டின மண்ணை அவரே தள்ளி மூடினார். அந்தப் பக்கம் நின்ற மீனவர்கள் கூடைகூடையாக மணல் அள்ளிப் போட்டார்களாம். தண்ணீர் நூல்போல ஓடத் தொடங்கின நேரம் என்று பிறகு சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நூல் கயிறாகியிருக்கும்.

மூன்றாவது இடத்து ஆக்களின் சொல் பின்னேரம்தான் வந்தது. சம்மதம். அடுத்தநாள் விடிய இரண்டு மண்வெட்டியும் போய் முதல் மண்ணை எடுத்து, முறைப்படி வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் வயல் மட்டம் இறங்கத் தொடங்கியது. ஆனால் அந்த ஒரு பின்னேரமும் ஒரு இரவும் கூடுதலாகத் தண்ணீருக்குள் கிடந்ததில், பள்ளத்தில் இருந்த வயல்கள் அழுகிவிட்டன. விதானையாரின் வட்டையில் நிறையப் பேருக்கு. எங்கள் மூன்று ஏக்கரில் ஒன்றரை. ஒருவரும் விதானையாரிடம் ஏன் எழுத்தைக் காட்டினாய் என்று கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசை. கேட்டார்கள். நல்லாகவே கேட்டார்கள். “சம்மதமில்லாம வெட்டினா அடுத்த மாரிக்கு ஆரு எனக்கிட்ட கதைக்க வருவான்?” என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தாராம்.

நான் நேர் வயர் இரண்டையும் அன்றைக்கே கழற்றினேன். அதனால்தான் இப்போதும் பொத்தானை அமத்த மூன்று விநாடி இருட்டுகிறது. அதை யாராவது கெட்டிக்காரத்தனமாகத் திருத்த வந்தால் விடாதீர்கள். அந்த மூன்று விநாடியில் ஆக்கள் சந்தேகப்படட்டும், கத்தட்டும். கண் போன இடத்துக்குக் கையும் போகட்டும். திரை இல்லாத கம்ப்யூட்டரை வாய் திறந்தபடி விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள். இன்னொன்று, இது சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் இல்லை. உங்களுடைய வயலோ வலையோ அந்தத் தண்ணீரில் கிடந்தால், அன்றைக்கு அந்தக் கதிரை உங்களுக்கில்லை. நேர்மையானவன் என்று நீங்கள் உங்களை நினைத்துக்கொள்வது போதாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லீவு எடுங்கள், வயிற்றுவலி என்று சொல்லுங்கள், எழும்பிப் போங்கள். என்னை அவர்கள் வேலையில் வைத்திருந்தார்கள். தலைவர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுத்தான் எழும்புவார். அது சரி.

அன்றைக்குப் பின்னேரம், முகத்துவாரம் மூடிக் கிடக்க, நான் வீட்டுக்கு வந்தேன். மனிசி எனக்கு முதலே வந்துவிட்டா. இடுப்பு வரைக்கும் ஈரம், சேலையைக்கூட மாற்றவில்லை. விதானையார் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

“வெட்டச் சொன்னது நீங்களா?”

“ஓம். கை தவறிப் போச்சு.”

“நிப்பாட்டினது?”

“அது தலைவர்.”

“அவருக்குக் கதிரைய விட்டு எழும்பினது ஆரு?”

“நான்.”

சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சீமெந்துத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

“எழும்பத்தான் வேணும்,” என்றா. “ஆனா அத எனக்கிட்ட வந்து பெருமையாச் சொல்லப்படாது.”